டியேகோ பவியா வழக்கு: ஜூனியர் காலேஜ் ஆண்டு யார் கணக்கில்?

2024 டிசம்பர் 18 அன்று, டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி வில்லியம் கேம்ப்பெல் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் குவாட்டர்பேக் டியேகோ பவியா 2025 சீசனிலும் ஆடலாம், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு தன் தகுதி விதியைக் காட்டி அதைத் தடுக்கக் கூடாது என்பதுதான் உத்தரவு. ஓர் ஆளுக்கு, ஒரு சீசனுக்கு மட்டும். ஐந்தே நாள் கழித்து, டிசம்பர் 23 அன்று, அதே நிலையில் இருந்த அத்தனை ஆட்டக்காரர்களுக்கும் என்சிஏஏ தானாகவே விலக்கு அளித்தது. அதற்குப் பிறகும் மேல்முறையீட்டை விடாமல் நடத்தியது. 2025 அக்டோபர் 1 அன்று ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இனி தீர்க்க வேண்டிய தகராறே இங்கு இல்லை என்று சொல்லி அந்த மனுவைத் தள்ளிவிட்டது. வழக்கின் மையக் கேள்விக்கு மேல்நீதிமன்றம் பதிலே சொல்லவில்லை.

அந்தப் பதில் இல்லாததால்தான் இன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒருவர் எத்தனை ஆண்டு ஆடலாம் என்பது, அவர் எந்த ஊர் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. இதற்கான முதல் பொறுப்பு என்சிஏஏவுடையது. ஆட்டக்காரரின் ஒரு சீசனுக்குச் சந்தை விலை வந்துவிட்ட பிறகும், அந்தச் சீசனை எண்ணும் விதி வெறும் கல்வி விதிதான் என்று அது வாதாடிக்கொண்டே இருந்தது.

ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும், எறியும் அமெரிக்க ஆட்டம். குவாட்டர்பேக் ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடுவதா என்று முடிவெடுப்பவர். அணியின் மற்ற எந்த இடத்தையும் விட இந்த ஓர் இடத்துக்குத்தான் பணம் அதிகம்.

நான்கு சீசன் எப்படித் தீர்ந்தது

பவியா நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கிக்காரர். பள்ளியில் மல்யுத்தத்திலும் பெயரெடுத்தவர். உயரம் குறைவு. பள்ளிப்படிப்பு முடிந்தபோது கல்லூரிக் கால்பந்தின் உச்சப் பிரிவில் இருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. எனவே ராஸ்வெல் நகரில் உள்ள நியூ மெக்சிகோ ராணுவக் கல்விக்கழகத்தில் சேர்ந்தார். அது இரண்டாண்டுக் கல்லூரி. பேச்சுவழக்கில் இப்படிப்பட்ட கல்லூரிகளை ஜூக்கோ என்பார்கள். அவை என்சிஏஏவில் உறுப்பினர் அல்ல. என்ஜேசிஏஏ என்ற தனி அமைப்பின் கீழ் வருபவை. 2021இல் அந்த அணி ஜூனியர் காலேஜ் தேசியப் பட்டத்தை வென்றது.

இனி கணக்கைப் பார்ப்போம். என்சிஏஏவின் 12.8ஆம் விதிப்படி ஒருவருக்கு ஐந்து ஆண்டு காலத்துக்குள் நான்கு சீசன். ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளில் கடிகாரம் ஓடத் தொடங்கும். 12.02.6ஆம் விதி ‘கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் இரண்டாண்டுக் கல்லூரியும் அடக்கம். எனவே ஜூக்கோவில் ஆடிய சீசனும் நான்கில் ஒன்று. பவியாவின் 2020 சீசன் கோவிட் சலுகையால் கணக்கில் வரவில்லை. 2021 ஜூக்கோ சீசன் ஒன்று. 2022, 2023 ஆகிய இரண்டும் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். 2024 வாண்டர்பில்டில். நான்கும் முடிந்தன. ஜூக்கோ ஆண்டை எடுத்துவிட்டால் மூன்றுதான். வழக்கு முழுவதும் அந்த 2021ஆம் ஆண்டு ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பள்ளிப்படிப்புக்கும் கல்லூரிக்கும் நடுவே பிரெப் ஸ்கூல் எனப்படும் ஆயத்தப் பள்ளியில் ஓராண்டு ஆடினால் அது கணக்கில் வராது. வேறு விளையாட்டில் தொழில்முறையாகச் சில ஆண்டு ஆடிவிட்டு வந்தாலும் கால்பந்துச் சீசன் குறையாது. கிறிஸ் வெய்ன்கி பல ஆண்டு தொழில்முறை பேஸ்பால் ஆடிவிட்டு, புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து, ஆண்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து ஆட்டக்காரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் கோப்பையை 2000இல் 28 வயதில் வாங்கினார். அப்படியானால் வயதோ, உடல் முதிர்ச்சியோ விதியின் உண்மையான கவலையாக இருக்க முடியாது. சம்பளம் வாங்கிப் பேஸ்பால் ஆடியவருக்குக் குறையாத ஆண்டு, டிவியில் வராத, விளம்பரப் பணம் கிடைக்காத ஜூக்கோ மைதானத்தில் ஆடியவருக்கு மட்டும் குறைகிறது. இந்த முரணுக்கு என்சிஏஏவிடம் நேரான பதில் இருந்ததே இல்லை.

ஓர் அணியோடு இடம்பெயர்ந்த பயிற்சிக் குழு

பவியாவின் மதிப்பு எப்படி ஏறியது என்று தெரிந்தால்தான் வழக்கில் பணம் நுழைந்த இடம் புரியும். 2023 நவம்பரில் நியூ மெக்சிகோ ஸ்டேட் அணி, ஆபர்ன் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த ஜோர்டன்-ஹேர் மைதானத்தில் 31-10 என்று வீழ்த்தியது. பெரிய பல்கலைக்கழகங்கள் இப்படிச் சிறிய அணிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைப்பது சீசனில் ஒரு சுலப வெற்றியை உறுதிசெய்யத்தான். அந்த ஆட்டத்துக்கு ஆபர்ன் கொடுத்தது 18.5 லட்சம் டாலர். பவியா அந்தச் சீசனில் தன் லீக்கின் சிறந்த தாக்குதல் பிரிவு ஆட்டக்காரராகத் தேர்வானார்.

டிசம்பரில் நியூ மெக்சிகோ ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் ஜெர்ரி கில் பதவி விலகினார். அதே நேரத்தில் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் அணி 2-10 (இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி) என்ற படுமோசமான சீசனை முடித்திருந்தது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் கிளார்க் லீ, அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர். ஜெர்ரி கில்லை ஆலோசகராகவும், அவருடைய தாக்குதல் பிரிவுப் பயிற்சியாளர் டிம் பெக்கை அதே பொறுப்பிலும் லீ அழைத்துக்கொண்டார். அவர்களோடு பவியாவும், எதிரணியைத் தடுக்கவும் எறிந்த பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் இடத்தில் ஆடும் ஈலை ஸ்டோவர்ஸும் வந்தார்கள். ஒரு தாக்குதல் முறையை அதன் ஆசிரியர், நடத்துநர், ஆடும் ஆள் எல்லோரோடும் சேர்த்து வேரோடு பெயர்த்து வேறு ஊரில் நட்ட முயற்சி இது.

2024 அக்டோபர் 5 அன்று அதன் பலன் தெரிந்தது. நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று வென்றது. 1984க்குப் பிறகு அலபாமாவுக்கு எதிராக அதற்குக் கிடைத்த முதல் வெற்றி. முதலிட அணி ஒன்றை அது வென்றதும் அதுவே முதல் முறை. பவியா 20 எறிதல்களில் 16ஐச் சரியாகச் சேர்த்து 252 யார்டு எடுத்தார். அதைவிட முக்கியமான எண்கள் இரண்டு. பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சி; மூன்றாவதிலும் முடியாவிட்டால் பெரும்பாலும் பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த மூன்றாம் முயற்சிகள் 18இல் 12ஐ வாண்டர்பில்ட் வெற்றிகரமாக முடித்தது. 60 நிமிட ஆட்டத்தில் பந்து 42 நிமிடத்துக்கு மேல் அவர்கள் கையிலேயே இருந்தது. எதிரணியின் அதிவேக ஆட்டக்காரர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறமை குறைந்த அணி திறமை மிகுந்த அணியை வெல்ல இதுதான் வழி, அதற்கு ஒவ்வொரு மூன்றாம் முயற்சியிலும் தவறாமல் முடிவெடுக்கும் குவாட்டர்பேக் வேண்டும். ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து நகரத் தெருக்கள் வழியே நடந்து கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். மைதானத்துக்குள் புகுந்ததற்காக வாண்டர்பில்ட் ஆடும் எஸ்இசி லீக் பல்கலைக்கழகத்துக்கு 1 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

நவம்பர் 8 அன்று பவியா வழக்குத் தொடுத்தார். 2025இலும் ஆட முடிந்தால் 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்க முடியும் என்று மனுவில் சொன்னார்.

நீதிமன்றத்தில் நடந்தது

மனு 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின் முதல் பிரிவின் கீழ். போட்டியைக் கட்டுப்படுத்தும் கூட்டு ஏற்பாடுகளைத் தடைசெய்யும் பிரிவு அது. இரும்பு, எண்ணெய், ரயில் கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்க வந்த சட்டம். நூற்றுக்கணக்கான கல்லூரிகள் கூடி உட்கார்ந்து, ‘இன்னாரை இதற்கு மேல் யாரும் சேர்க்கக் கூடாது’ என்று தங்களுக்குள் ஒப்புக்கொள்வதும் அதே வகைதான் என்பது பவியா தரப்பின் வாதம்.

இடைக்கால உத்தரவுக்கு நான்கு கேள்விகளைத் தாண்ட வேண்டும்: மூல வழக்கில் வெல்லும் வாய்ப்பு உண்டா, உத்தரவு இல்லாவிட்டால் பிறகு ஈடுகட்ட முடியாத இழப்பு நேருமா, இரு தரப்பு இழப்பையும் ஒப்பிட்டால் எது கனம், பொதுநலனுக்கு எது உகந்தது. இவற்றில் முதல் கேள்வியில்தான் உண்மையான சண்டை.

என்சிஏஏவின் முதல் அரண் பழைய தீர்ப்பு ஒன்று. ஆறாம் வட்ட நீதிமன்றம் 2008இல் பேசட் என்ற பயிற்சியாளரின் வழக்கில், ஆட்சேர்ப்பு ஒழுங்கு விதிகள் வணிகச் செயல் ஆகாது, அவற்றுக்கு ஷெர்மன் சட்டம் பொருந்தாது என்று சொல்லியிருந்தது. தகுதி விதியும் அப்படியே என்றது என்சிஏஏ. நீதிபதி கேம்ப்பெல் இதை ஏற்கவில்லை. பேசட் தீர்ப்பு வந்த காலத்தில் ஆட்டக்காரர் ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். இடையில் இரண்டு மாற்றங்கள் நடந்துவிட்டன. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்சிஏஏ வைத்த வரம்பு போட்டிச் சட்டத்தை மீறுகிறது என்று சொன்னது. அடுத்த பத்தே நாளில், ஜூலை 1 முதல், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், முகம், அடையாளம் ஆகியவற்றை விற்றுப் பணம் பெறலாம் என்று என்சிஏஏ அனுமதித்தது. இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். ஆடத் தகுதி உள்ளவருக்கே என்ஐஎல் பணம். அப்படியென்றால் தகுதியை முடிவு செய்யும் விதி, வருமானத்தை முடிவு செய்யும் விதியும் ஆகிறது. இந்த இணைப்பை நீதிமன்றம் ஏற்ற இடத்திலேயே வழக்கின் பாதி முடிந்துவிட்டது.

அடுத்தது போட்டிக்கு என்ன பாதிப்பு என்ற கேள்வி. ஒரே ஆட்டக்காரரைப் பெற ஜூக்கோவும், என்சிஏஏவின் உச்சப் பிரிவான முதல் பிரிவுக் கல்லூரியும் முயல்கின்றன. ஜூக்கோவில் கழியும் ஒவ்வோர் ஆண்டும், பணமும் டிவி வெளிச்சமும் உள்ள முதல் பிரிவு ஆண்டு ஒன்றைத் தின்றுவிடும் என்றால், யோசிக்கத் தெரிந்தவர் ஜூக்கோ பக்கமே போக மாட்டார். போக வேறு வழியில்லாதவர் தண்டனை அனுபவிப்பார். விதி சந்தையின் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகத் தராசைச் சாய்க்கிறது என்பது நீதிபதியின் பார்வை.

என்சிஏஏ சொன்ன நியாயங்களும் இருந்தன. ஆட்டக் காலம் பட்டப்படிப்பின் போக்கோடு பொருந்த வேண்டும் என்றது. மூத்தவர்கள் தங்கிவிட்டால் பள்ளியிலிருந்து வரும் இளையவர்களுக்கு இடம் கிடைக்காது என்றது. இரண்டாவது வாதம் பொய்யல்ல, அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் சட்டப்படி அது பலவீனமான வாதம். ஒரு தொழிலாளியை வெளியேற்றினால் இன்னொருவருக்கு வேலை கிடைக்கும் என்பது, வெளியேற்றும் கூட்டு ஒப்பந்தத்துக்கு நியாயம் ஆகாது.

ஈடுகட்ட முடியாத இழப்பு என்ற கேள்வி எளிது. கால்பந்துச் சீசன் போனால் போனதுதான். பணத்தைப் பிறகு கணக்கிட்டுக் கொடுக்கலாம். ஆடாமல் விட்ட சீசனைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

உத்தரவின் இரண்டாம் பாகம்

பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒரு பகுதி இந்த உத்தரவில் உண்டு. அது இல்லாவிட்டால் முதல் பாகத்துக்கு மதிப்பே இல்லை. என்சிஏஏவின் 12.11.4.2ஆம் விதிக்கு ஈட்டுவிதி என்று பெயர் வைக்கலாம். நீதிமன்ற உத்தரவின் பலத்தில் ஒருவர் ஆடுகிறார். பின்னர் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகிறது. அப்போது அவர் ஆடிய ஆட்டங்களின் வெற்றிகளை அழிக்கலாம், அவருடைய சாதனைகளை நீக்கலாம், கல்லூரியைச் சீசனுக்குப் பிந்தைய போட்டிகளில் இருந்து விலக்கலாம், டிவி வருவாயைத் திருப்பிக் கேட்கலாம், அபராதம் போடலாம். எல்லாம் கல்லூரியின் தலையில் விழும்.

இதன் விளைவு நடைமுறையில் என்ன? ஆட்டக்காரர் வழக்கில் வென்று உத்தரவோடு வருவார். கல்லூரியின் வழக்கறிஞர், மேல்முறையீடு முடியும் வரை அவரைக் களத்தில் இறக்காதீர்கள் என்று பயிற்சியாளரிடம் சொல்வார். உத்தரவு காகிதத்தில் இருக்கும், ஆள் பெஞ்சில் இருப்பார். அதனால்தான் பவியா தரப்பு இந்த விதியையும் முடக்கக் கேட்டது; கேம்ப்பெல்லும் அதை வாண்டர்பில்டுக்கும் பவியாவுக்கும் எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டார். கல்லூரி மாறுவது பற்றிய வழக்கில் 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஏழு மாநிலங்கள் பெற்ற உத்தரவிலும் இதே ஏற்பாடு இருந்தது. தகுதி வழக்குப் போடும் எவரும் இந்தக் கோரிக்கையை மனுவில் சேர்க்காமல் விடுவது பெரும் பிழை.

ஐந்து நாள் கழித்து வந்த விலக்கு

டிசம்பர் 23 அன்று வந்த பொது விலக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். என்சிஏஏ அல்லாத கல்லூரியில் ஓராண்டோ அதற்கு மேலோ ஆடியவராக இருக்க வேண்டும். 2024-25இல் தகுதி முடிந்துபோகும் நிலையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் 2025-26இல் மேலும் ஒரு சீசன் ஆடலாம். ஆனால் பட்டப்படிப்பில் முன்னேற்றம், ஐந்தாண்டுக் கடிகாரம் போன்ற மற்ற நிபந்தனைகள் அப்படியே நிற்கும். இந்தக் கடைசி வாசகத்தில் பலர் விழுந்தார்கள். ஜூக்கோவில் இரண்டு ஆண்டு, பிறகு காயத்தால் ஓராண்டு, பிறகு நான்கு ஆண்டுக் கல்லூரியில் இரண்டு ஆண்டு என்று போனவருக்குச் சீசன் மிச்சம் இருந்தாலும் கடிகாரம் தீர்ந்திருக்கும்.

நேரமும் நெருக்கியது. கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் தளமான கால்பந்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் அந்தக் குளிர்காலத்தில் டிசம்பர் 9 முதல் 28 வரை திறந்திருந்தது. விலக்கு வந்தபோது ஐந்து நாள் மிச்சம், நடுவில் கிறிஸ்துமஸ். தன் கல்லூரிக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த ஒருவர், அந்த ஐந்து நாளில் பழைய கல்லூரி தன்னை வைத்துக்கொள்ளுமா என்று கேட்டு, இல்லையென்றால் போர்ட்டலில் பெயர் பதிந்து, புதிய இடம் தேட வேண்டும். அதைத் தவறவிட்டால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும் என்ற நிலை. பயிற்சியாளர்களுக்கும் தலைவலிதான். டிசம்பர் 4 முதல் 6 வரை பள்ளி மாணவர்களோடு ஒப்பந்தம் போட்டு முடித்துவிட்டார்கள். அணியில் எத்தனை இடம் காலி என்று அவர்கள் போட்ட கணக்கு இரண்டு வாரம் கழித்துத் தப்பாகிப் போனது.

என்சிஏஏ ஏன் இவ்வளவு அவசரப்பட்டது? ஒரே நிலையில் இருக்கும் ஆட்டக்காரர்கள் ஊர் ஊராக வழக்குப் போடுவதைத் தடுப்பது ஒரு காரணம். பவியாவுக்கு மட்டும் அனுமதி என்றால் வாண்டர்பில்டுக்கு மட்டும் அனுகூலம் என்ற புகாரும் வரும். இரண்டுமே நியாயமான கவலைகள்தான். ஆனால் விலக்கைக் கொடுத்துவிட்டு மேல்முறையீட்டையும் நடத்தியதில் அடிப்படைத் தவறு இருந்தது. பவியா 2025இல் ஆடுவது இப்போது நீதிமன்ற உத்தரவால் மட்டும் அல்ல, என்சிஏஏவின் சொந்த அனுமதியாலும். உத்தரவை ரத்து செய்தாலும் அவர் ஆடுவார். அப்படியிருக்க மேல்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி என்ன பயன்? ஆறாம் வட்ட நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. தான் தோற்ற சட்டக் கேள்வியை மேல்நீதிமன்றத்தில் திருத்தும் வாய்ப்பை என்சிஏஏ தன் கையாலேயே இழந்தது.

பணம் எவ்வளவு, எங்கிருந்து

2025 ஜூன் 6 அன்று, ஆட்டக்காரர்கள் தங்களுக்குப் பணம் கேட்டு என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். முன்னாள் ஆட்டக்காரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். 2025 ஜூலை 1 முதல், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கால்பந்துக் கல்லூரிகள் அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைக் கால்பந்துக்கு ஒதுக்கத் திட்டமிட்டன. வெளியாரிடம் வாங்கும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள், டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் நடத்தும் என்ஐஎல் கோ என்ற தளத்தில் சரிபார்க்கப்பட வேண்டும். கால்பந்து அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பும் வந்தது.

இந்த 105 என்ற எண் தகுதி வழக்குகளோடு நேராக மோதுகிறது. முன்பு உதவித்தொகை 85 பேருக்கு. சொந்தச் செலவில் சேர்பவர்களுக்கு வரம்பில்லை. இப்போது மொத்த இடமே எண்ணி வைத்தது. 23 வயது மூத்த ஆட்டக்காரர் ஒருவர் தங்கினால் 18 வயதுப் பையன் ஒருவனுக்கு இடம் போகும். என்சிஏஏவின் வாதத்தில் உண்மை இருப்பது இங்கேதான். பவியாவுக்கு நடந்தது நியாயம் என்று நம்புகிறவர்களும், பள்ளி வாசலில் நிற்கும் அந்தப் பையனை மறந்துவிடக் கூடாது. அவனுக்கு இப்போது இருக்கும் வழிகளில் ஒன்று, வேடிக்கையல்ல, ஜூக்கோவேதான். பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தில் புகழ்பெற்ற குவாட்டர்பேக்குகளான கேம் நியூட்டனும் ஏரன் ராஜர்ஸும் அந்த வழியே போய் மேலே வந்தவர்கள். அந்த வழியில் செலவழித்த ஆண்டைப் பிடுங்காமல் விடுவது அவனுக்கும் பாதுகாப்பு.

இதே வழக்கு, வேறு முடிவு

பவியா உத்தரவுக்குப் பிறகு தகுதி வழக்குகள் நாடெங்கும் குவிந்தன. நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் அணியின் ஜெட் எலாட் 2025 ஏப்ரலில் உத்தரவு பெற்றார். ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் கூட்டாட்சி நீதிமன்றங்கள் மறுத்தன. படிக்க வேண்டிய தோல்வி விஸ்கான்சினின் நைசியர் ஃபோர்க்வரன் வழக்கு.

ஃபோர்க்வரன் முதலில் என்சிஏஏவின் இரண்டாம் பிரிவைச் சேர்ந்த கிராண்ட் வேலி ஸ்டேட்டில் இரண்டு சீசன், பிறகு விஸ்கான்சினில் இரண்டு சீசன் ஆடினார். இரண்டாம் பிரிவு ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பது போட்டியைத் தடுக்கிறது என்று வாதாடி, 2025 பிப்ரவரி 6 அன்று மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். ஜூலை 16 அன்று ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. காரணம், தகுதி விதிக்கு ஷெர்மன் சட்டம் பொருந்தாது என்பதல்ல. சந்தையை அவர் சரியாக வரையறுக்கவில்லை, அந்தச் சந்தையில் போட்டிக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்டவில்லை என்பதே. ஓர் ஆட்டக்காரர் வெளியேறி இன்னொருவர் உள்ளே வந்தால், அது அந்த ஆட்டக்காரருக்கு இழப்பு. சந்தைக்கு இழப்பு என்று காட்ட, சம்பளம் மொத்தமாகத் தாழ்ந்தது, ஆட்டத்தின் தரம் குறைந்தது, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி சுருங்கியது என்று ஏதாவது ஒன்றுக்குச் சான்று வேண்டும்.

இதிலிருந்து, வழக்குக்குத் தயாராகும் ஒருவரின் கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லலாம். சீசன் வாரியாக ஆடிய ஆட்டங்களின் பட்டியல் முதலில். ஏனெனில் ஒரு சீசனில் நான்கு ஆட்டங்களுக்கு மேல் இறங்காதவருக்கு அந்தச் சீசன் செலவாவதில்லை, ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இறங்கியிருந்தாலும் போச்சு. விலக்கு விண்ணப்பத்தை ஆட்டக்காரர் தானே அனுப்ப முடியாது, கல்லூரியின் விதிப் பின்பற்றல் அலுவலகம்தான் அனுப்ப வேண்டும், எனவே அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் வேண்டும். அடுத்த சீசனுக்கு இடம் உண்டு என்ற கல்லூரியின் எழுத்துமூல உறுதி வேண்டும். இல்லாவிட்டால் இழப்பு வெறும் கற்பனை என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஒப்பந்தத் தொகை குறித்த ஆவணம் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பொருளாதார நிபுணரின் பிரமாணப் பத்திரம். அவர் ஆட்டக்காரரின் சொந்த நஷ்டத்தை மட்டும் கணக்குப் போட்டால் போதாது. முதல் பிரிவுக் கால்பந்து உழைப்புச் சந்தை எது, அதற்கு மாற்று ஏன் இல்லை, விதி அந்தச் சந்தையை எப்படிக் குலைக்கிறது என்று எண்களோடு காட்ட வேண்டும். பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. சீசன் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போது ஓடிவந்தால் நிபுணருக்கு அவகாசமே இருக்காது.

கூடுதலாகக் கிடைத்த சீசன்

2024 சீசனை, அதன் இறுதியில் நடக்கும் பர்மிங்ஹம் போல் ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கை 35-27 என்று வென்று, 7-6 என்ற கணக்கில் வாண்டர்பில்ட் முடித்தது. பவியா தங்கிய 2025இல் எல்எஸ்யுவை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்), மிசூரியை, ஆபர்னை வென்றது. நவம்பர் 29 அன்று நாக்ஸ்வில்லில் டென்னசியை 45-24 என்று வீழ்த்தியது. வழக்கமான சீசனில் 10-2. பல்கலைக்கழக வரலாற்றிலேயே பத்து வெற்றி என்பது அதுதான் முதல் முறை. ஹைஸ்மன் வாக்கெடுப்பில் பவியா, இந்தியானாவின் பெர்னாண்டோ மெண்டோசாவுக்கு அடுத்து இரண்டாமிடம். ஒரு தகுதி உத்தரவு ஓர் அணிக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது.

பலன் பயிற்சியாளருக்கும் போனது. அந்த இலையுதிர்காலம் பயிற்சியாளர் சந்தை கொதித்த காலம். பென் ஸ்டேட் அக்டோபர் 12 அன்று ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது சுமார் 4 கோடியே 90 லட்சம் டாலர். ஃபிராங்க்ளின் முன்பு வாண்டர்பில்டில் பயிற்சியாளராக இருந்தவர். அதே மாதம் எல்எஸ்யு, பிரையன் கெல்லியைச் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர் பாக்கியோடு அனுப்பியது. நவம்பர் 30 அன்று லேன் கிஃபின், தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபுக்குப் போகும் நிலையில் இருந்த ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியை விட்டுவிட்டு அந்த எல்எஸ்யு இடத்துக்குப் போனார். காலி இடங்களுக்கு அடிபட்ட பெயர்களில் கிளார்க் லீயும் ஒருவர். அவர் நவம்பர் இறுதியில் வாண்டர்பில்டோடு ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டுத் தங்கிவிட்டார். தனியார் பல்கலைக்கழகம் என்பதால் தொகை வெளியிடப்படவில்லை.

இந்த எண்களைப் பவியாவின் மனுவோடு வைத்துப் பார்க்க வேண்டும். வேலையை விட்டு நீக்கியதற்காகப் பயிற்சியாளருக்கு ஐந்து கோடி டாலர் பாக்கி வைக்கும் தொழிலில், ஆட்டக்காரர் இன்னும் ஒரு சீசன் வேலை செய்யலாமா என்ற கேள்வி மட்டும் வணிகம் சாராதது என்று எந்த நீதிபதியையும் நம்பவைப்பது கடினம்.

சரியான தீர்வு எளிமையானது, கல்லூரி விளையாட்டு வட்டாரத்திலேயே பேசப்பட்டு வருவது: ஐந்து ஆண்டு, ஐந்து சீசன். எந்தக் கல்லூரியில் ஆடினாலும் ஆண்டுக்கு ஓர் ஆண்டு. நான்கு ஆட்டக் கணக்கு, காயச் சலுகை, தனி விலக்கு எதுவும் வேண்டாம். இதைத் தானே அறிவிக்காமல் ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தமாகப் போட்டால், போட்டிச் சட்ட வழக்குகளுக்கு அடிப்படையே குறைந்துவிடும். தொழில்முறை லீக்குகள் தங்கள் வரம்புகளை அப்படித்தான் காப்பாற்றிக்கொள்கின்றன. அதற்கு ஆட்டக்காரர்களைப் பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பாக ஏற்க வேண்டும். என்சிஏஏ அதற்கு இணங்காமல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசிடம் சட்டப் பாதுகாப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் பொது விலக்கு 2025-26க்கு மட்டுமே தரப்பட்டது. 2025 சீசனோடு கணக்கு முடிந்த ஜூக்கோ ஆட்டக்காரருக்கு அது உதவாது. நாஷ்வில்லில் அதே மாவட்ட நீதிமன்றத்தில், 2025 செப்டம்பரில் பேட்டர்சன் என்ற பெயரில் தொடுக்கப்பட்ட இன்னொரு வழக்கு நான்கு சீசன் வரம்பையே கேள்வி கேட்கிறது. போர்ட்டல் காலமும் மாறிவிட்டது: ஏப்ரல் பதிவு நீக்கப்பட்டு, 2026 ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஒரு பதிவுக் காலம்தான். தகுதி உத்தரவு அதற்குப் பிறகு வந்தால், அதைக் கையில் வைத்திருப்பவர் தன் பழைய கல்லூரி சொல்லும் தொகைக்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். எனவே வழக்குப் போடுவதானால் அதற்கான நேரம் செப்டம்பர், அக்டோபர். கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் அல்ல.